‘உண்ணமாட்டேன்’: வளரிளம் பெண்களின் உண்ணாமையும் அதனை அறியும் அறமும்

‘மாட்டு’ என்னும் வினையடி பழந்தமிழில் ஆற்றலைக் குறித்து வந்தது. மாட்டாதார் என்போர் இயலாதவர். மாட்டாமை என்பது இயலாமை. பழைய உரைகளில் ‘செய்யமாட்டான்’ என்று வருமிடத்தில் செய்யும் வன்மை அவனிடத்தில் இல்லை என்பதே கருத்து. இன்றைய வழக்கில் அதே வடிவம் விருப்பமின்மையைச் சுட்டுகின்றது. ‘வரமாட்டேன்’ என்பவன் வர இயலாதவன் அல்லன், வர மறுப்பவன். இயலாமையைச் சொன்ன சொல் மறுப்பைச் சொல்லும் சொல்லாக மாறியது தமிழ் வரலாற்றிலக்கணம் படித்தார் அனைவரும் அறிந்த செய்தியே. எனினும் ஒரு பதினான்கு வயதுப் பெண் உணவுத் தட்டைத் தள்ளி வைத்து ‘உண்ணமாட்டேன்’ என்னும்போது, அவள் சொல்வது பழைய பொருளிலா புதிய பொருளிலா என்ற வினா இலக்கணத்தைக் கடந்து அறவியலுக்குள் வந்துவிடுகின்றது. புதிய பொருளில் என்றால் அது அவளது விருப்பம். மதிக்கப்பட வேண்டியது, அல்லது கண்டிக்கப்பட வேண்டியது. பழைய பொருளில் என்றால் அது இயலாமை. அங்கு மதிப்பதும் கண்டிப்பதும் ஒருசேரப் பிழையாகின்றன.

வளரிளம் பருவப் பெண்களிடையே காணப்படும் உணவு சார்ந்த உளநோய்கள் குறித்து மருத்துவம் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பேசி வருகின்றது. இவ்வினாவை அது முழுமையாகத் தீர்த்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. தமிழ் இலக்கியமும் தமிழர் வாழ்ந்த ஓர் ஊரும் இதற்கு எவ்வளவு தூரம் துணைசெய்ய இயலும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய்ப்பெயரும் தொல்காப்பியரும்

1873இல் பாரிசில் லாசேக் என்பவரும் இலண்டனில் வில்லியம் கல் என்பவரும் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். கல் அதற்கு ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்று பெயரிட்டார். அக்கட்டுரை 1874இல் அச்சேறியது. நரம்பு சார்ந்த பசியின்மை என்பது அப்பெயரின் நேர்ப்பொருள். தமிழில் நோயியல் எழுதுவோர் ‘பசியின்மை நோய்’ என்றோ ‘பசியற்ற உளநோய்’ என்றோ மொழிபெயர்த்து வருகின்றனர். மூலப்பெயரிலேயே உள்ள பிழை இம்மொழிபெயர்ப்பிலும் தொடர்கின்றது. இந்நோயாளிகளிற் பலருக்குப் பசி இல்லாமல் இல்லை. பசி உண்டு, அதைத் தாங்கி நிற்றலும் அடக்கி ஆளுதலுமே நோயின் நடு. உணவைப் பற்றிய நினைவு நாள் முழுவதும் ஓயாது. பிறருக்குச் சமைத்துப் பரிமாறுவதில் ஆர்வம் மிகும். தான் மட்டும் உண்பதில்லை.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் களவுக்காலத் தலைவியின் மெய்ப்பாடுகள் அடுக்கப்படுகின்றன. அவற்றுள் பசி அட நிற்றல் ஒன்று. உண்டியிற் குறைதல் ஒன்று. உடம்பு நனி சுருங்கல் மற்றொன்று. இவை மூன்றும் ஒரே பொருளின் மூன்று பெயர்கள் அல்ல என்பது நோக்கத்தக்கது. பசி அட நிற்றல் என்பதில் பசி இருக்கின்றது, அது வருத்துகின்றது, வருத்தவும் அவள் உண்ணாது நிற்கின்றாள். உண்டியிற் குறைதல் செயலைச் சொல்வது; உடம்பு சுருங்கல் விளைவைச் சொல்வது. உள்ளிருக்கும் பசியையும் புறத்தே தெரியும் குறைவையும் அதன் பயனாகிய மெலிவையும் தனித்தனியே பெயரிட்ட நுட்பம் இது. கல் அவர்களின் பெயரீட்டில் இந்நுட்பம் இல்லை. தொல்காப்பியர் நோயைச் சொல்லவில்லை, காதலைச் சொன்னார் என்பது உண்மையே. ஆயினும் கலைச்சொல் ஆக்குவோர் ‘பசியின்மை’ என்னும் தவறான சொல்லைக் கைவிட்டு இப்பக்கத்தைப் புரட்டியிருந்தால் நலமாக இருந்திருக்கும்.

பசி தன்னைத் தாங்குபவரின் மனத்தையே மாற்றிவிடும் என்பதற்கு வலுவான சான்று நோயாளிகளிடமிருந்து வரவில்லை. உடல்நலமும் மனநலமும் நிறைந்த ஆண்களிடமிருந்து வந்தது. 1944இன் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஏன்சல் கீஸ் என்பவரின் தலைமையில் 36 இளைஞர்கள் ஓர் ஆய்வுக்கு உடன்பட்டனர். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்றின் பெயரால் மறுத்தவர்கள் அவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே தரப்பட்டது. வாரங்கள் செல்லச் செல்ல அவர்கள் சமையற்குறிப்புகளைச் சேர்க்கலாயினர். தட்டை வழித்து நக்கினர். ஒரு வேளை உணவை நீண்ட நேரம் பிரித்துப் பிசைந்து உண்டனர். எரிச்சலும் சோர்வும் தனிமை நாட்டமும் மிகுந்தன. நோயுற்ற பெண்ணின் இயல்பு என்று மருத்துவர் குறித்து வைத்தவற்றுட் பல, பசித்த எவருக்கும் நேர்வன என்பதை இவ்வாய்வு காட்டியது. எனவே உண்ணாமையைத் தேர்ந்த மனம் ஒன்று. உண்ணாமை சில திங்கள் நீடித்தபின் அதே முடிவைத் திரும்பத் திரும்ப எடுக்கும் மனம் வேறொன்று. முதல் நாள் ‘மாட்டேன்’ என்றவள் மறுத்தவளாக இருக்கலாம். நூறாம் நாள் அதே சொல்லைச் சொல்பவள் பெரும்பாலும் இயலாதவள். சொல்லின் வரலாறு முன்னோக்கிச் சென்றதென்றால், நோயின் வரலாறு அச்சொல்லைப் பின்னோக்கி இழுத்துச் செல்கின்றது.

‘மேலைநாட்டு நோய்’ என்னும் கருத்து

இஃது இந்தியாவுக்கு உரியதன்று, தொலைக்காட்சியும் அழகுப் போட்டியும் கொண்டுவந்த இறக்குமதி என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. பிஜித் தீவின் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி 1995இல் வந்தபோது ஆன் பெக்கர் என்னும் மானிடவியலாளர் பள்ளி மாணவியரிடம் ஆய்வு நடத்தினார். 1998இல் மீண்டும் நடத்தியபோது உணவு சார்ந்த கோளாறு மனப்பான்மையைக் காட்டியோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். பருத்த உடலே நலத்தின் அடையாளம் என்று போற்றிய ஒரு சமூகத்தில் மூன்றாண்டுகளில் நேர்ந்த மாற்றம் அது.

ஆனால் ஆசியாவின் பிற இடங்களிலிருந்து வந்த செய்திகள் இக்கதையைச் சிக்கலாக்கின. ஹாங்காங்கில் சிங் லீயும் உடனாய்வாளரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் 70 நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் பருத்துவிடுவோம் என்ற அச்சமே இல்லை. வயிறு உப்புகின்றது, உண்ண மனமில்லை என்பனவே அவர்கள் கூறிய காரணங்கள். 1995இல் தில்லியிலிருந்து காண்டேல்வால் முதலியோர் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். உண்ண மறுப்பு, தொடர் வாந்தி, கடும் மெலிவு, மாதவிலக்கு நின்றுபோதல் ஆகியன அவர்களிடம் இருந்தன. தம் உடல் பருமனாகத் தோன்றுகின்றது என்ற மயக்கம் இல்லை. அதே ஆண்டில் சென்னையில் சீனிவாசன், சுரேஷ் முதலியோர் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் முழுநோய் எவரிடமும் காணப்படவில்லை. ஆயினும் ஏறத்தாழ ஏழில் ஒருவரிடம் உணவு சார்ந்த துயரநிலை காணப்பட்டது. 2012இல் வெளிவந்த பெங்களூர் ஆய்வு ஒன்றில் அந்நகர உளமருத்துவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இத்தகைய நோயாளி ஒருவரையேனும் கண்டிருப்பதாகக் கூறினர். 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கையேட்டைத் திருத்தியபோது, பருமன் பற்றிய அச்சத்தை வாயாற் சொல்லாதவரையும் நடத்தையைக் கொண்டு இந்நோயில் அடக்க இடம் தந்தது. மாதவிலக்கு நிற்றல் என்ற கட்டாய அளவுகோலையும் நீக்கிற்று.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. உண்ணாத பெண் கூறும் காரணம் அவள் வாழும் சமூகம் அவளுக்குத் தரும் சொற்களால் ஆனது. மெலிந்த உடலைப் போற்றும் இடத்தில் அவள் பருமனைச் சொல்வாள்; வயிற்று நோயை மதிக்கும் இடத்தில் வயிற்றைச் சொல்வாள்; நோன்பைப் போற்றும் இடத்தில் நோன்பைச் சொல்வாள். காரணத்தைக் கொண்டு நோயை அறிவது அரிது.

சாம்பியன் ரீப்ஸ்

கோலார் தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளுள் ஒன்று சாம்பியன் ரீப்ஸ். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நடத்திய இச்சுரங்கங்களுக்கு வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், குடிபெயர்ந்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் இயங்கிய இவை 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் ஊரின் பிழைப்பு தண்டவாளத்தின்மேல் அமைந்தது. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டிகளில் விடியலுக்கு முன் ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோர் பல்லாயிரவர்.

இத்தகைய ஊரில் உண்ணாமையை எவ்வாறு படிப்பது? தாயும் தந்தையும் இருளில் புறப்பட்டு இருளில் திரும்பும் வீட்டில் வளரிளம் மகள் காலையில் உண்டாளா என்பதைக் காண்பார் இல்லை. வருவாய் குறைந்த வீட்டில் தம்பிக்கு விட்டுக்கொடுத்து உண்ணாதிருப்பவள் ஒருத்தி. அதே வரிசை வீடுகளில், தன் உடலை ஒன்றையேனும் தன் ஆட்சியில் வைத்திருக்க வேண்டி உண்ணாதிருப்பவள் மற்றொருத்தி. இருவர் எலும்பும் ஒருபோல் தெரியும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் 59.1 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர் என்று காட்டுகின்றது. பத்தில் அறுவர் வெளிறியிருக்கும் நாட்டில் ஒருத்தியின் வெளிறல் எவர் கண்ணையும் நிறுத்துவதில்லை. வறுமை நோயை மறைக்கின்றது. செல்வர் வீட்டில் பெண் உண்ணாவிடில் மருத்துவர் வருவார். வறியவர் வீட்டில் அது சிக்கனமாகவோ பொறுப்பாகவோ கொள்ளப்படும். உணவுக்கோளாறு செல்வர் நோய் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் நோயின் இயல்பு, எவ்வளவு தூரம் நோயறிதலின் இயல்பு என்பது ஐயத்துக்குரியது.

அமர்த்தியா சென் பட்டினி கிடப்பவனையும் உண்ணாநோன்பு இருப்பவனையும் வேறுபடுத்திக் காட்டினார். இருவர் வயிற்றிலும் உணவில்லை; ஆனால் நோன்பிருப்பவனுக்கு உண்ணும் வாய்ப்பு இருந்தும் அவன் மறுக்கின்றான்; பட்டினி கிடப்பவனுக்கு அவ்வாய்ப்பே இல்லை. வளம் பற்றிய சிந்தனையில் இவ்வேறுபாடு பெரிதும் பயன்பட்டது. நோயால் உண்ணாதவளை இவ்விரண்டில் எங்கு வைப்பது என்று பார்த்தால் வேறுபாடே ஆட்டம் காண்கின்றது. அவள்முன் சோறு இருக்கின்றது. எவரும் தடுக்கவில்லை. புறத்திலிருந்து நோக்கின் நோன்பு. அகத்திலிருந்து நோக்கின் பட்டினி. வாய்ப்பு என்பது கைக்கு எட்டும் தொலைவில் சோறு இருப்பது மட்டும்தானா, எட்டிய சோற்றை வாய்க்குக் கொண்டுசெல்லும் மன ஆற்றலும் அதில் அடங்குமா? அடங்கும் என்பதே பொருந்தும். ‘மாட்டு’ என்னும் பழைய வினை அதைத்தான் குறித்தது.

போற்றப்பட்ட பசி

தமிழ் மரபு பெண்ணின் உண்ணாமையை இரு வகையாக நோக்கியுள்ளது. ஒன்று, அதைக் குறியாகக் கண்டு காரணம் தேடியது. மற்றொன்று, அதைப் பண்பாகக் கண்டு புகழ்ந்தது. இரண்டாவதே இங்கு நீண்டு நோக்கத்தக்கது. ஏனெனில் நோய் ஒளிந்துகொள்வது அங்கேதான்.

நற்றிணை 110ஆம் பாடல் போதனார் பாடியது. பாலைத் திணை. மகள் சிறுமியாக இருந்தபோது தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திய செவிலியர், மற்றொரு கையில் சிறுகோலை ஓங்கி அச்சுறுத்தி, உண் உண் என்று பின்தொடர்கின்றனர். அவள் சிலம்பு ஒலிக்கப் பந்தலைச் சுற்றி ஓடி மறுக்கின்றாள். நரைத்த செவிலியர் ஓடிக் களைக்கின்றனர். அவளே மணம் முடித்துச் சென்றபின், கணவன் குடி வறுமையுற்ற நிலையில், தந்தை வீட்டு வளமான சோற்றை நினையாமல் ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கின்றாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்குக் கற்றாள் என்று வியப்பதே பாடலின் கருத்து. அழகிய பாடல், ஐயமில்லை. ஆனால் அதன் அமைப்பை நோக்குக. சிறுமியாக அவள் உண்ண மறுத்தபோது கோல் ஓங்கப்பட்டது. மனைவியாக அவள் உண்ணாதிருந்தபோது பாராட்டு வந்தது. முதல் மறுப்பு அவள் விருப்பம். இரண்டாவது அவள் கடமை. விருப்பத்தால் உண்ணாமை குறும்பாகவும் கடமையால் உண்ணாமை கற்பாகவும் கொள்ளப்படுகின்றன. பால்கிண்ணத்துக்கும் வேளை தவறிய சோற்றுக்கும் இடையில் அவளைப் பசிக்கின்றதா என்று கேட்டவர் பாடலில் எவரும் இல்லை.

வேளை மறுத்து உண்ணும் அதே செயல், ஏறத்தாழ அதே சொல்லாட்சியில், புறநானூறு 248இல் மீண்டும் வருகின்றது. ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. இளமையில் தழையாடையாகப் பயன்பட்ட ஆம்பல், கணவன் இறந்தபின் வேளை தவறி உண்ணும் கைம்பெண்ணுக்கு அல்லி அரிசியாயிற்று என்று அப்பாடல் இரங்குகின்றது. புறநானூறு 246இல் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்மை நோன்பின் சுவையற்ற உணவையும் பாய் விரிக்காத பருக்கைக்கற் படுக்கையையும் எண்ணி, அதனினும் ஈமத்தீ இனிது என்கின்றாள். ஆக, வாழும் கணவனுக்காகவும் இறந்த கணவனுக்காகவும் பெண் உண்ணாதிருந்தாள். அகத்தில் அது புகழ். புறத்தில் அது இரக்கம். உணவின் அளவு மட்டும் ஒன்றே.

இம்மரபைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது, பயன் குறைவு. இடைக்கால ஐரோப்பாவிலும் இவ்வாறே. 1380இல் மறைந்த சியன்னா நகரக் கத்தரீன் போன்ற துறவுப் பெண்களின் உண்ணாமையை ருடால்ப் பெல் 1985இல் இந்நோயோடு ஒப்பிட்டு எழுதினார். இரண்டாண்டுகள் கழித்துக் கரோலின் பைனம், அப்பெண்கள் உணவுக்குத் தந்த பொருளை நோய்ப்பெயர் அழித்துவிடும் என்று மறுத்தார். பைனம் கூறியதே தகும். காரைக்கால் அம்மையார் தசையை உதறியதை நோய் என்று எழுதுவார்க்கு அம்மையாரும் விளங்கார், நோயும் விளங்காது. பழம்பாடலின் தலைவி நோயாளி அல்லள். ஆனால் அப்பாடல்களைப் பாடமாகப் படித்த வீட்டில் இன்று ஒரு பெண் வேளை தவறி உண்டால், அதைப் பொறுமை என்று பெயரிட்டு அமைதி கொள்ள ஒரு சொல் ஆயத்தமாக இருக்கின்றது. பொறுப்பு பாடலினுடையதன்று, பெயரிடும் நாவினுடையது.

யானைத்தீ

உணவு சார்ந்த ஒரு நோய்க்குத் தனிப்பெயர் தந்த தமிழ்க் காப்பியம் மணிமேகலை. விஞ்சையர் மகளாகிய காயசண்டிகை, பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியை அறியாது காலால் சிதைத்தாள். அக்கனி ஒன்றையே உண்டு நோற்கும் விருச்சிக முனிவன் சினந்து சபித்தான். அன்று முதல் அவள் வயிற்றில் யானைத்தீ என்னும் தீராப்பசி. எவ்வளவு உண்டும் ஆறாத அந்நோயை மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட சோறு தீர்த்தது.

இதை அளவிறந்து உண்டு பின் வாந்தியெடுக்கும் இற்றைநாள் நோயோடு சமன் செய்தல் ஆகாது. எனினும் இரு செய்திகள் கருதத்தக்கன. காயசண்டிகையின் பசியைக் காப்பியம் அவளது பேராசையாகக் காட்டவில்லை. அவள்மேல் வந்து விழுந்த துன்பமாகக் காட்டுகின்றது. அவளை ஒருவரும் ‘வாயைக் கட்டு’ என்று அறிவுரைக்கவில்லை. மேலும், சோறிட்ட கை அவளது தகுதியை ஆராயவில்லை. பசித்தவர் யார், ஏன் பசித்தார் என்று கேளாமல் முதலில் பசியை ஆற்றுவது அறம் என்பது மணிமேகலையின் நிலை. நோற்றுப் பசி பொறுப்பவரின் ஆற்றலைவிடப் பிறர் பசி தீர்ப்பவரின் ஆற்றலைத் திருவள்ளுவர் மேலாக வைத்ததும் இந்நிலையே.

சாம்பியன் ரீப்ஸ் இங்கு மீண்டும் வருகின்றது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய இடங்களுள் தங்கவயல் முதன்மையானது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும் சங்கங்கள் இயங்கின. பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்து வெளியிட்டது. 1914இல் பண்டிதர் மறைந்து, அவர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் நின்றுபோன பின், ஜி. அப்பாதுரையார் அதை 1926இல் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். நிலத்தடியில் உழைத்துக் கூலி பெற்ற மக்கள் புத்தரின் வரலாற்றைத் தமிழில் படித்த ஊர் அது. அவ்வரலாற்றின் நடுவே ஓர் உணவு இருக்கின்றது. உடலை ஒடுக்கி எலும்புக்கூடான சித்தார்த்தர், பசி மெய்யறிவு தரவில்லை என்று உணர்ந்து, சுசாதை தந்த பாற்சோற்றை உண்டார். உடனிருந்த ஐவர் அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று நீங்கினர். உண்ணாமையே உயர்வு என்று நம்பிய கூட்டத்தின் நடுவில் உண்ணத் துணிந்ததுதான் நடுவழியின் தொடக்கம். சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இக்கதை அண்மையில் கிடந்தது என்பது சிறு செய்தியன்று.

முடிவுடைய மறுப்பும் முடிவற்ற மறுப்பும்

மறுப்பு அனைத்தையும் நோய் என்று கொள்ள இயலாது. 1930இல் தங்கவயல் தொழிலாளர் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைக்குச் செல்ல மறுத்தனர். அம்மறுப்புக்கு ஒரு முகவரி இருந்தது; கோரிக்கை ஏற்கப்படின் அது முடியும். இரோம் சர்மிளா 2000 நவம்பரில் தொடங்கிய உண்ணாநோன்பும் அத்தகையதே. மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்தப்பட்டு நீண்ட அந்நோன்பை 2016 ஆகஸ்டு 9ஆம் நாள் அவர் தாமே முடித்தார். முடிக்க முடிந்தது என்பதே அது நோன்பு என்பதற்குச் சான்று. சமணரின் சல்லேகனை வேறு வகை. அதற்கு முடிவு இறப்பே. ஆயினும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அதன்வழி வந்த தமிழ் அருங்கலச்செப்பும் சாரும் மரபு, தீராநோய், முதுமை, பஞ்சம் போன்ற நீங்கா இடுக்கண்களையே அதற்குரிய காலமாக வரையறுக்கின்றது. வாழ்வைத் தொடங்காத சிறுமிக்கு அங்கு இடமில்லை. 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் இதைத் தற்கொலைக்கு நிகராகத் தீர்ப்பளித்ததும், அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் இவ்வரையறைகளின் எடையை உணர்த்தும்.

வளரிளம் பெண்களுக்கென்றே தமிழில் ஒரு நோன்பு உண்டு. திருப்பாவைச் சிறுமியர் நெய்யும் பாலும் நீக்கி நோன்பைத் தொடங்குகின்றனர். இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் மிதக்கும் பாற்சோற்றைக் கூடியிருந்து உண்டு நிறைகின்றனர். அதற்கு நாள் வரையறை உண்டு, தோழியர் உண்டு, இறுதியில் விருந்து உண்டு. நோயின் உண்ணாமைக்கு இம்மூன்றும் இல்லை. அது தனியறையில் நிகழ்வது. நிறையிலக்கை அடைந்தபின் அதனினும் குறைந்த இலக்கை வைப்பது. எதைக் கொடுத்தாலும் முடியாதது.

அவ்வாறாயின் உண்ணாதவளை வலிந்து உண்பிக்கலாமா? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், செய்தியைப் புரிந்துகொள்ளுதல், விளைவை உணர்தல், முடிவைத் தெரிவித்தல் ஆகியவற்றைக் கொண்டு ஒருவரின் முடிவெடுக்கும் திறனை அளக்கின்றது. பதினெட்டு வயது நிரம்பாதவர் சார்பில் காப்பாளர் முடிவெடுப்பர், நிரம்பியவரிடத்தில்தான் இடர். இந்நோயுற்ற பெண் பெரும்பாலும் கூர்மதியுடையவள். கலோரிக் கணக்கை மருத்துவரினும் நன்கறிவாள். இறப்பு நேரக்கூடும் என்பதையும் சொல்வாள். அளவைகள் எல்லாவற்றிலும் தேறிய பின்னும் அவளால் ஒரு கவளம் விழுங்க இயலவில்லை. அறிவைச் சோதிக்கும் சட்டம் ஆற்றலைச் சோதிக்கவில்லை. உளநோய்களுள் இறப்பு விகிதம் மிகுந்தவற்றுள் ஒன்று இது என்பதை நினைத்தால், ‘அவள் விருப்பம்’ என்று விலகி நிற்பது மதிப்பு ஆகாது, கைவிடுதல் ஆகும்.

வலிந்து உண்பித்தலுக்கும் ஓர் எல்லை வேண்டும். அவ்வெல்லையைக் குறிஞ்சிப் பாடல்கள் நன்கு அறிந்திருந்தன. மகள் மெலிகின்றாள், வளை நெகிழ்கின்றது. தாய் கவலையுற்று வேலனை அழைக்கின்றாள். வெறியாட்டு நிகழ்கின்றது; ஆட்டுக்குட்டி பலியாகின்றது; முருகன் அணங்கியதாக முடிவு கூறப்படுகின்றது. தாயின் அன்பில் குறையில்லை. வேலனின் முயற்சியிலும் குறையில்லை. மகளிடம் மட்டும் எவரும் பேசவில்லை. குறுந்தொகை 23இல் ஔவையார் காட்டும் தோழி வேறு வழியை நாடுகின்றாள். கட்டுவிச்சி மலைகளைப் பாடிக் குறி பார்க்கையில், ‘அவருடைய மலையைப் பாடிய பாட்டை மீண்டும் பாடுக’ என்கின்றாள். தலைவியின் உள்ளத்தை அவள் வெளியிட்டுவிடவுமில்லை; மறைத்துவிடவுமில்லை. தாயின் காதில் விழுமாறு ஒரு சொல்லை இடுகின்றாள். அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் இதற்குப் பெயரிட்டது. அப்பெயரில் ‘அறம்’ இருப்பது தற்செயலன்று.

இலண்டன் மாட்சிலி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை இதற்குச் சற்று அண்மையில் நிற்கின்றது. ரசல், டேர், ஐஸ்லர் முதலியோர் 1987இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பத்தொன்பது வயதுக்குமுன் தொடங்கி மூன்றாண்டுக்கு மேற்படாத நோயில் அது மிகுந்த பயன் தந்தது. அதில் உண்பிக்கும் பொறுப்பு முதலில் பெற்றோரிடம் தரப்படுகின்றது. உடல் தேறத் தேற அப்பொறுப்பு மகளிடமே படிப்படியாகத் திரும்புகின்றது. நோய் எவருடைய குற்றமும் அன்று என்பது அதன் முதல் விதி. செவிலியின் சிறுகோல் இங்கு இல்லை. ஆயினும் கிண்ணம் ஏந்திய கை உண்டு. ‘இயலாது’ என்ற பொருளில் அவள் ‘மாட்டேன்’ என்னும் வரை பிறர் கை வேண்டும். ‘விரும்பவில்லை’ என்ற பொருளில் சொல்லும் வலிமை அவளுக்குத் திரும்பியபின் அக்கை விலக வேண்டும். எந்த நாள் அந்த மாற்றம் நேர்கின்றது என்பதைச் சட்டமோ எடைக்கருவியோ தனித்துச் சொல்லாது. உடனிருந்து பேசிக்கொண்டிருப்பவரே அறிவர்.

நாள்தோறும் உடனிருக்க வாய்ப்பில்லாத வீடுகளே தங்கவயல் போன்ற ஊர்களில் மிகுதி. அங்குள்ள அரசுப் பள்ளிகளில் ‘அட்சர தாசோக’த் திட்டத்தின் மதிய உணவு உண்டு. எத்தனை பேருக்குச் சோறு வடிக்கப்பட்டது என்பதற்குக் கணக்கேடு இருக்கும். இம்மாணவியரைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளில் எல்லா நாட்டிலும் திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள் இரண்டு. பள்ளியில் கேட்டால் வீட்டில் உண்டு வந்தேன் என்பாள். வீட்டில் கேட்டால் பள்ளியிலேயே உண்டுவிட்டேன் என்பாள். ஆசிரியரும் தாயும் ஒருமுறை சந்தித்துப் பேசினாலன்றி அவ்விரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. தாய் ஏறும் வண்டியோ பள்ளி திறக்கும் முன்பே புறப்பட்டுவிடுகின்றது.